வா என்று சொல்லாத வீடு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். நலமில்லாமல் போனவன் ஒருத்தன்தான், அவனை இனி விசாரிக்க வழியில்லை.

உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுகிறான். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நான் எழுதுகிறேன். நீயும் எழுது.

கிரேனிலிருந்து இறங்கி, கை கழுவி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில்தான் நீ போனில் சொன்னாய். 'ஆபீசர் போயிட்டான்டா.' எங்கே போனான் என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? ஓடிப்போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் உன்மேல் கோபம்கூட வரவில்லை. தேடினால் கிடைத்துவிடுவான் என்று மனசு கணக்குப் போட்டது. பிறகுதான் லாரி என்றாய்.

அவனை நான் எங்கிருந்து தூக்கி வந்தேன் என்று மறந்திருக்க மாட்டாய். அந்த மரக்கடைக்காரன் 'வா வா' என்று கொஞ்சுகிற மாதிரிக் கூப்பிடுவான். நாய்க்குட்டி வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் போனதும் கட்டையால் ஒன்று வைப்பான். சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். வழியெல்லாம் என் வயிற்றில் மூத்திரம் போனான். அப்படிக் காப்பாற்றியவனை, எனக்கு இங்கே வேலை கிடைத்தது என்று உங்களிடம் நம்பி விட்டுவிட்டு வந்தேன். போன லீவு முழுக்க வேறு எங்கும் போகாமல் அவனோடு பாடுபட்டு, மற்ற நாய்களைப் போல ஆக்கிவிட்டுத்தான் திரும்பினேன். இரண்டே மாதத்தில் ரோட்டில் போட்டுவிட்டீர்கள்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. கேட்டை யார் திறந்து வைத்தது?

உடம்பைப் பார்த்துக்கொள். இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானுக்குத்தான் அன்றிலிருந்து சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. மெஷினைப் பிரித்துப் போடுகிறார், திரும்ப மாட்ட மறந்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். முன்னறையில் வாஷிங் மெஷின்கள் வயிறு திறந்து கிடக்கின்றன. வாடிக்கையாளர்கள் போன் செய்து திட்டுகிறார்கள். திட்டு வாங்குவது என் வேலை என்று உனக்குத் தெரியும்.

உன் கேள்விக்குப் பதில். கேட்டைத் திறந்து வைத்தது அத்தான். பழுது பார்த்த மெஷினை ஏற்றிப்போக வண்டி வந்திருந்தது. அவரும் வண்டிக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். அவர்கள் காலுக்குப் பின்னால் ஆபீசர் நழுவிவிட்டான். எதிர்ப்பக்கம் வரைக்கும் போய், மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினான். அப்போது தண்ணீர் லாரி வந்தது. அவன் துடிக்கவில்லை. அதை மட்டும் நம்பு.

பின்பக்கம் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே புதைத்தோம். வெயில் நேரத்தில் ஈரத்துணி அடியில்தானே படுத்திருப்பான். அத்தான்தான் குழி வெட்டினார், என்னைத் தொட விடவில்லை.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்கிறார் அவர். 'கேட்டைத் திறந்தது நான்னு எழுது, அது போதும். மத்தது வேணாம்' என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். அதனால் நிறுத்துகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் வெறும் வயிற்றோடு ஏறாதே.

அக்கா

*

மார்ச் 4

அக்காவுக்கு,

நலம். இனிமேல் யாரும் என் நலத்தை விசாரிக்க வேண்டாம்.

ஆக, உன் புருஷன்தான். எனக்கு முதலிலேயே தெரியும். ஆபீசரை நான் கொண்டு வந்த அன்றைக்கே, 'இது வொர்க்‌ஷாப்பா சத்திரமா?' என்று கேட்டவர்தானே அவர். ஈரக்கையோடு மெஷினைத் தொட்டு ஷாக் அடித்தால்கூட நாய் குறுக்கே வந்ததால்தான் என்பார். அவருக்கு அவன் ஒரு தொல்லை. தொல்லை தொலைந்தது. சாப்பாடு இறங்கவில்லையாம். எனக்கு மட்டும் இறங்குகிறதா?

இங்கேயும் தினம் ஒரு சண்டை. போன வாரம் பாலத்துக்கு ஒரு இரும்பு உத்திரத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். கீழே சிக்னல் காட்டுகிறவன் இறக்கு என்று கை காட்டுகிறான். புதிதாக வந்த சூப்பர்வைசர் அவன் தோளோடு தோளாக நின்றுகொண்டு ஏற்று என்று காட்டுகிறார். நான் அப்படியே நிறுத்திவிட்டேன். உத்திரம் நடு வானத்தில் ஆடுகிறது, எல்லாரும் கீழே நின்று கத்துகிறார்கள். இறங்கி வந்ததும் எஞ்சினியர் முன்னால் நிறுத்தினார்கள். நான் பயப்படவில்லை. 'ரெண்டு பேர் ரெண்டு விதமா காட்டினா வண்டி நின்னுடும், அதான் ரூல். நின்னது என் தப்பு இல்ல சார், காட்டினது இவங்க தப்பு' என்றேன். எஞ்சினியர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் தன் தப்பை ஒப்புக்கொண்டார். வேலை தெரிந்த மனுஷனுக்கு அழகு அது.

உன் புருஷனும் அதைச் செய்யட்டும். உன் கையெழுத்தில் வேண்டாம். தன் கையால், 'என் அலட்சியத்தால்தான் செத்தான், மன்னித்துக்கொள்' என்று எழுதி அனுப்பட்டும். அது வராதவரைக்கும் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன். ஆகஸ்டில் லீவு இருக்கிறது. இங்கேயே அறையில் படுத்துக் கிடப்பேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான். அது தெரிந்துதான் சொல்கிறேன்.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ விசாரிக்காவிட்டாலும் நலம்தான்.

'உன் புருஷன்' என்று எழுதியிருக்கிறாய். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வாய் நிறைய அத்தான் என்று கூப்பிட்ட மனுஷன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் புதுச்சட்டை எடுக்காத மனுஷன். அந்தக் கடிதத்தை அவர் படிப்பதற்குள் ஒளித்துவைக்கலாம் என்று பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே கேட்டு வாங்கிப் படித்துவிட்டார். படித்து, மடித்து, 'கோவத்துல எழுதிருக்கான்' என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது.

சத்திரமா என்று கேட்டது உண்மை. அதே வாரத்தில் பழைய மெஷின் ட்ரம் ஒன்றைக் குறுக்கே அறுத்து, ஓரம் கீறாமல் ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றி, உள்ளே மெத்தை போட்டது யார் என்று உனக்கு யாராவது சொன்னார்களா? உருண்டுவிடக் கூடாது என்று அடியில் கட்டை அடித்தது யார்? இடி இடித்தால் அவன் ஓடிப்போய் ஒளிந்தது யாருடைய நாற்காலிக்கு அடியில்? உன்னுடையதா? நீ அப்போது கிரேன் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்விட்டாய்.

நீ காப்பாற்றினாய். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. காப்பாற்ற ஒரு மத்தியானம் போதும். அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். மழை ஊற்றுகிற ஒரு சாயங்காலம், அவன் கொல்லையில் நனைந்துகொண்டு நிற்கிறான். வா கண்ணு, வா ராஜா என்று கெஞ்சுகிறேன். ஒவ்வொரு வாவுக்கும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறான், உடம்பு உதறுகிறது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. 'போ, அப்படியே போ, எனக்கென்ன' என்று கத்திவிட்டு உள்ளே திரும்பினேன். பின்னாலேயே வந்து என் பாதத்தின் மேல் உட்கார்ந்தான். அந்தச் சொல்லுக்கு அவன் அதுவரைக்கும் அடி வாங்கியதில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் போ என்றால் வா. வா என்கிற சொல்லையே நாங்கள் விட்டுவிட்டோம். வீட்டுக்கு வருகிறவர்களைக்கூட 'உள்ள இருங்க' என்றுதான் அழைப்போம். இன்ஷூரன்ஸ்காரர் உட்கார்ந்திருந்தபோது நான் ஆபீசரைப் பார்த்து 'போ போ, சீக்கிரம் போ' என்றேன். அந்த மனுஷர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனவர்தான், இன்னும் திரும்பவில்லை. அத்தான் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார்.

வருகிறவர் போகிறவர் செருப்பையெல்லாம் மோந்து பார்த்து, சரி என்று பட்டால்தான் உள்ளே விடுவான். அதனால்தானே ஆபீசர் என்று பேர் வந்தது. பேர் வைத்ததும் அத்தான்தான். அதையும் மறந்துவிட்டாய்.

எனக்கு உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. நாக்கு நுனியில் நிற்கிறது. 'சின்னப் பையன், அங்க தனியா இருக்கான், தாங்க மாட்டான்' என்று இவர் தடுக்கிறார். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். என்னை ரொம்பச் சோதிக்காதே.

தூங்குகிறாயா, சரியாகத் தூங்கு.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம்.

மிரட்டுகிறாயா? சொல்ல ஒன்று இருந்தால் சொல். இல்லையென்றால் பூச்சாண்டி காட்டாதே. கேட்டைத் திறந்து வைத்ததைவிடப் பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது? நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மூடி மறைக்கிறீர்கள் என்று மட்டும் தெரிகிறது.

அந்த 'போ' கதையை எனக்கே சொல்கிறாயா? அதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிகிறது. ஒரு ஜீவனை வாழ்நாள் முழுக்கப் போ போ என்று சொல்லியே வளர்ப்பதா? மரக்கடைக்காரன் கெடுத்ததை அப்படியே பூட்டி வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். போன லீவில் நான்தான் உட்கார்ந்து சரி செய்தேன். கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, வா என்று மெதுவாகச் சொல்லிச் சொல்லி, முதல் வாரம் அவன் நடுங்க நடுங்க, கடைசியில் வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். போ என்றால் ட்ரம்முக்குப் போய்ப் படுக்கவும் பழக்கினேன். இனிமேல் எல்லாரும் ஒழுங்காகத்தான் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லிவிட்டு வந்தேன். சரி என்று தலையாட்டினாய்.

அவனைப் பற்றி எழுதி இங்கே கேன்டீன் போர்டில் ஒட்டியிருக்கிறேன். படித்துவிட்டு வெல்டர் அழுதுவிட்டார். உனக்கும் தெரியட்டும் என்று அதிலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

'அடி வாங்கிக் கிடந்தவனுக்கு நான்தான் உலகத்தைக் காட்டினேன். நான் தூர தேசம் வந்த பிறகும், எப்போது வருவேன் என்று கேட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். வா என்ற ஒரு சொல்லுக்கு அவன் வாழ்நாளெல்லாம் பயந்தான். அந்தப் பயத்தை அவனிடமிருந்து பிடுங்கி எறிந்தேன். கடைசிக் காலத்தில், வா என்று சொன்னால் எங்கே இருந்தாலும் பறந்து வருவான்.'

இப்படி ஒரு வரி உங்கள் இருவருக்கும் எழுதத் தோன்றுமா?

மன்னிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நலம்தானே? உன் பதில் வரவில்லை. இதற்குள் வந்திருக்க வேண்டும். தபாலில் தொலைந்ததா, நீயே எழுதவில்லையா என்று தெரியவில்லை. எழுதாமல் இருந்தால் நான் இறங்கி வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். வர மாட்டேன்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். வெல்டரிடம் சொல்லி எஃகுத் தகடு ஒன்றில் எழுத்து வெட்டச் சொன்னேன். நாலு மூலையிலும் ஸ்க்ரூவுக்கு ஓட்டை இருக்கிறது. தெருவில் போகிற வருகிற எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி கேட்டில் மாட்ட வேண்டும். மாட்ட மனசில்லை என்றால் அதையும் எழுதிவிடு. அதோடு முடித்துக்கொள்ளலாம், உனக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதையும் சேர்த்து.

தம்பி

*

மே 11

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். அங்கு உன் சுகத்துக்கு எழுதவும். வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன், தண்ணீர் நிறையக் குடிக்கவும்.

பார்சல் வந்தது. தகடு நல்ல கனம், எழுத்து சுத்தமாக வந்திருக்கிறது. இன்று காலையில் கேட்டில் மாட்டிவிட்டேன். நீ அனுப்பிய ஸ்க்ரூ துருப்பிடிக்கும் வகை. அதனால் மெஷினுக்குப் போடுகிற துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டிருக்கிறேன். மழை வந்தாலும் ஒன்றும் ஆகாது.

நீ கேட்டபடி எழுதுகிறேன். கேட்டை மூடாமல் விட்டது நான்தான். என் அலட்சியம்தான். மன்னித்துக்கொள்.

ஆகஸ்டில் வரவும். அக்காவை ஒன்றும் சொல்ல வேண்டாம், பாவம்.

இப்படிக்கு,
அத்தான்

*

மே 19

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அந்தச் சம்பிரதாயத்தை இந்த ஒரு கடிதத்தில் விட்டுவிடுகிறேன்.

மன்னிப்புக் கடிதம் வந்து சேர்ந்திருக்கும். சந்தோஷமா? தகடு மாட்டிய அன்று கடைக்குப் போய்த் திரும்புகிறேன், தெருவில் மூன்று பேர் நின்று எங்கள் கேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். 'ஆபீசர். திறந்து கிடந்த கேட்டால் செத்தான்.' அதற்குக் கீழே குனிந்து கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருக்கிறார் இவர். தன் மேல் வந்த பழியை நிமிர்த்திப் பிடித்து, கோணலாக இல்லையே என்று தள்ளி நின்று பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், 'யாருங்க தொறந்து விட்டது?' என்று கேட்கிறார். 'நான்தான்' என்கிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார். போதும். இவருக்குக் கொடுத்த வாக்கு, உன் மனசு, எல்லாம் போதும். இதை இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நீ லீவு முடிந்து கிளம்பியதும் இவர் என்ன சொன்னார் தெரியுமா? 'பையன் இவ்ளோ பாடுபட்டிருக்கான், அவன் சொன்னபடியே செய்வோம்' என்றார். நீ சொல்லிக் கொடுத்த அதே குரலில், மெதுவாக, வா என்று சொல்லிக் கூப்பிடுவார். எனக்கு அது வாயில் வரவில்லை. நான் பழையபடி போ என்றுதான் கூப்பிட்டேன். உன்னிடம் சரி என்று தலையாட்டியது உண்மை. ஆனால் மழையில் நின்றவனை வீட்டுக்குள் கொண்டு வந்த சொல்லை, நீ ஒரு மாதம் வந்து பிஸ்கட் கொடுத்தாய் என்பதற்காக விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. நான் போ என்பேன், இவர் வா என்பார். அவன் அறை நடுவில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். காது ஒன்று நிற்கும், ஒன்று தொங்கும். நாங்கள் சிரிப்போம். ஆபீசருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் புரியவில்லை என்று இவர் கிண்டல் செய்வார்.

அன்றைக்கு அவன் ரோட்டைக் கடந்து திரும்பிக்கொண்டிருந்தான். லாரி வருவதைப் பார்த்துவிட்டோம். மெஷினை அப்படியே போட்டுவிட்டு இவர் கேட்டுக்கு ஓடி வந்தார். நானும் உள்ளேயிருந்து ஓடி வந்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். இவர் 'வா வா' என்று கத்தினார். நான் 'போ போ' என்று கத்தினேன். இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொன்னோம். வீட்டுக்கு ஓடி வந்துவிடு என்றுதான் சொன்னோம்.

அவன் நடு ரோட்டில் நின்றுவிட்டான். எப்போதும் நிற்கிற மாதிரியே, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு.

வந்திருக்கலாம். லாரிக்கு முன்னால் வந்துவிடுகிற தூரம்தான். பழைய ஆபீசராக இருந்தால் நான் ஒருமுறை போ என்று சொன்னதும் பாய்ந்து வந்திருப்பான். உன் ஆபீசராகவே முழுக்க மாறியிருந்தால் இவர் குரலுக்கு வந்திருப்பான். நீ பாதியில் விட்டுவிட்டுப் போனவன் நடுவில் நின்றான்.

அன்று ராத்திரி இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இதை மட்டும் அவன்கிட்ட சொல்லிடாத. கேட்டைத் தொறந்த பழி என்னோடதாவே இருக்கட்டும்' என்றார். அதைத்தான் நீ எஃகில் வெட்டி அனுப்பினாய். அதற்குத்தான் இவர் நல்ல ஸ்க்ரூ தேடினார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேன்டீன் போர்டில் ஒட்டியிருக்கிறாயே, கேட்டைப் பார்த்தபடி உனக்காக உட்கார்ந்திருப்பான் என்று. உனக்காக இல்லை. எதிர் வீட்டு மதில்மேல் ஒரு பூனை உண்டு, அதற்காக. உன்னை நினைத்து ஏங்கினான் என்று சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கு இன்றைக்கு ஆறுதல் சொல்கிற புத்தி இல்லை.

வா என்று சொன்னால் பறந்து வருவான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த அன்றிலிருந்துதான் நான் உனக்குப் பதில் எழுதவில்லை.

அக்கா

*

ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. தலையாட்டிவிட்டு எதற்குப் பழைய சொல்லையே சொன்னாய் என்று. அப்புறம் அத்தான்மேல். என்னை ஏன் இத்தனை மாதம் பேச விட்டார்? நான் ஒவ்வொன்றாக எழுதும்போது ஒரு அறை விட்ட மாதிரி முதலிலேயே சொல்லியிருக்கலாமே. யார் என்னைக் காப்பாற்றச் சொன்னது? இவ்வளவு மட்டமாக நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து காப்பாற்றியிருக்கிறீர்கள். அதை நினைத்தால் இன்னும் உடம்பெல்லாம் எரிகிறது.

பிறகு கோபப்பட ஆள் தீர்ந்துபோயிற்று. நான் மட்டும்தான் மிச்சம்.

மார்ச்சில் ஒரு உத்திரத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டு எழுதினேனே. இரண்டு பேர் தோளோடு தோளாக நின்று இரண்டு விதமாகக் காட்டினார்கள், நான் அப்படியே நிறுத்திவிட்டேன் என்று. நீ அந்தக் கடிதத்தைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் அக்கா? நீ அப்போதுகூட ஒன்றும் சொல்லவில்லை.

தினமும் ஏறுகிறேன், கேபினில் உட்காருகிறேன், கீழே கை காட்டுகிறவனைப் பார்க்கிறேன். ஆபீசர் வேலை தெரிந்தவன் அக்கா. ரூல்படிதான் நின்றான். நின்னது அவன் தப்பு இல்லை. எஞ்சினியர் முன்னால் நிமிர்ந்து சொன்னேனே, அந்த வாக்கியத்தின் அடுத்த பாதியை என்னால் இங்கே எழுத முடியவில்லை.

கேன்டீனில் ஒட்டியதைக் கிழித்துவிட்டேன். அந்தத் தகட்டை உடனே கழற்றச் சொல். கழற்றி எங்காவது எறிந்துவிடுங்கள். உன் நம்பரைத் தடுத்து வைத்திருந்ததையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் கூப்பிடத் துணிச்சல் இல்லை.

அடுத்த மாதம் லீவு. வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று எழுதியவன் நான்தான். வரட்டுமா?

தம்பி

*

ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தான் சாப்பிடுகிறார், மெஷின்களையும் திரும்ப மாட்டுகிறார். நேற்று ஒன்றில் மூன்று ஸ்க்ரூ மிச்சம் வந்தது. அது இல்லாமலே ஓடுகிறது என்று என்னையே சமாதானம் செய்கிறார்.

உன் கடிதத்தை இவரும் வாங்கிப் படித்தார். 'சொல்லிட்ட இல்ல?' என்று மட்டும் கேட்டார். ஆமாம் சொல்லிவிட்டேன், அதற்காக நான் வருத்தப்படவில்லை என்றேன். என் கோபம் இன்னும் தீரவில்லை என்று தெரிந்துகொள். பாதி உன்மேல், பாதி என்மேல். இவர்மேல் கோபப்பட முடியவில்லையே என்று கொஞ்சம் தனியாக.

தகட்டைக் கழற்றச் சொன்னாய். இவர் மாட்டேன் என்கிறார். அனுப்பியவனே வந்து கழற்றட்டும் என்கிறார். துருப்பிடிக்காத ஸ்க்ரூ, அழுத்தி முடுக்கியிருக்கிறார், சுலபத்தில் வராது. திருப்புளி முன்னறை மேஜை மேல் இருக்கிறது. ட்ரம்மும் அங்கேயேதான் இருக்கிறது, அதை யாரும் நகர்த்தவில்லை.

வரட்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். சொந்த வீட்டுக்கு வர உத்தரவு கேட்கிற பெரிய மனுஷன். பதிலுக்கு ஒரு சொல் எழுதினால் போதும். பேனாவை எடுத்து எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல்லைச் சொல்லி இந்த வீட்டில் யாரையும் நான் கூப்பிட்டுப் பழக்கமில்லை, கை ஓடவில்லை. எனக்குத் தெரிந்தபடிதான் எழுத முடியும்.

போடா. சீக்கிரம் போ.

அக்கா